பிரானூர் பார்டரில் எந்தக் கடை, எத்தனை மணிக்கு?

வேளச்சேரி_வண்டி:
ஜூலை கடைசியில் குற்றாலம் வருகிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பெண், அம்மா. பொதிகை ரயிலில் வந்து செங்கோட்டையில் இறங்குகிறோம், இரண்டு நாள் இருப்போம். அருவியைப் பற்றி எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்குச் சாப்பாடுதான் தெரிய வேண்டும். பார்டர் புரோட்டா என்று ஆபீஸில் நாலு பேர் சொல்கிறார்கள், நாலு பேரும் நாலு கடையைச் சொல்கிறார்கள். எதுதான் அசல்? அப்படியே மலை தாண்டி ஆரியங்காவுப் பக்கத் தட்டுக்கடைகளுக்கும் ஒரு நடை போகலாமா? ஒரே சிக்கல், அம்மா சுத்த சைவம். முட்டை வாடை பட்டாலே எழுந்துவிடுவார்.

கொல்லம்_பாசஞ்சர்:
ரஹ்மத். நாட்டுக்கோழி. முடிந்தது. இழையைப் பூட்டிவிடலாம்.

இலஞ்சிக்காரி:
பூட்ட வேண்டாம் அண்ணாச்சி. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஒரு பெயரை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு வந்தவர்களை ரோட்டில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பசியில் அழ, அப்பா மட்டும் டோக்கன் வாங்கியவர் மாதிரி விறைத்து நிற்பார். கடை நல்ல கடைதான், அதில் சண்டை இல்லை. வரிசையாகக் கடைகள் இருக்கிற இடத்தில் ஒன்றை மட்டும் கும்பிடுவானேன்?

பிரானூரான்:
கேள்வியே கொஞ்சம் மாறிப் போயிருக்கிறது தம்பி. எந்தக் கடை என்று கேட்கிறீர்கள். இங்கே பிறந்து வளர்ந்தவன் எவனும் அப்படிக் கேட்க மாட்டான். மணி என்ன என்று பார்ப்பான், அதற்கப்புறம் கடை தானாக வரும்.

புரோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் முன்னாலேயே போட்டு அடுக்கிய அடுக்கிலிருந்துதான் இலைக்கு வரும். மேலே இருப்பது வறண்டிருக்கும், அடியில் இருப்பது வியர்த்து நமத்திருக்கும். சாயங்காலம் ஆறரைக்கு மேல், கூட்டம் ஏற ஏற அடுக்கு நிற்காது. கல்லில் இருந்து எடுத்து, ஐந்தாறை ஒன்றாகச் சேர்த்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள் பாருங்கள், அந்த அடியில்தான் மடிப்பு மடிப்பாக விரியும். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் உட்காருங்கள். அடித்து முடித்த அரை நிமிடத்தில் இலைக்கு வந்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்துப் புரோட்டா சிறுசு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். விருதுநகர் மாதிரி எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிப்பது இல்லை. அதனால் மெட்ராஸ் கணக்கில் இரண்டு சொல்லிவிட்டு உட்காராதீர்கள், ஐந்தாறு தெரியாமல் உள்ளே போகும். சால்னா கேட்காமலே வரும். முதல் ஊற்றுக்குப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஊறவிடுங்கள். இரண்டாவது ஊற்று தொட்டுக்கொள்ள. நாட்டுக்கோழி வறுவலைச் சால்னாவோடு பிசைந்துவிடாதீர்கள், அது தனியாக ஓரத்தில் இருக்கட்டும். எலும்பைக் கடித்துவிட்டு அந்தக் காரத்தோடு ஒரு வாய் புரோட்டா. வரிசை அதுதான்.

காடை எடுப்பதாக இருந்தால் உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் ஆறியது வரும்.

பதினாறு_சக்கரம்:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் சாயங்காலம்தான் என்று அடித்துச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புனலூருக்கு லோடு அடித்த ஆள் நான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் குடும்பங்கள் எல்லாம் போனபிறகு கல்லைச் சுரண்டித் துடைத்துப் புதிதாகப் போடுவார்களே, அதுதான் புரோட்டா. எங்களைப் போல ஆட்களுக்குப் போடுகிறபோது மாஸ்டரும் பொறுமையாகப் போடுவார்.

பிரானூரான்:
பத்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பதினொன்றுக்கு வரச் சொல்கிறீர்களா?

பதினாறு_சக்கரம்:
பிள்ளை தூங்கட்டும், அப்பன் வரட்டும்.

சைவப்பூனை:
குறுக்கே ஒரு சந்தேகம். பிரானூர் தமிழ்நாட்டுக்கு உள்ளே இருக்கிறது. செக்போஸ்ட் புளியரையில். அப்புறம் ஏன் பார்டர்? வியாபாரத்துக்காக வைத்த பேரா?

பிரானூரான்:
இல்லை, பழைய பேர். செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம். அப்போது எல்லை இங்கேதான், பிரானூரில். இந்தப் பக்கம் மெட்ராஸ், அந்தப் பக்கம் ராஜா. 1956 நவம்பர் 1-ம் தேதி செங்கோட்டை நம் பக்கம் வந்தது, எல்லை மேற்கே மலை மேல் கோட்டைவாசலுக்கு நகர்ந்தது. பேர் மட்டும் நகராமல் இங்கேயே உட்கார்ந்துகொண்டது. இப்போது ‘பார்டருக்குப் போறேன்’ என்று வீட்டில் சொன்னால் சாப்பிடப் போகிறான் என்று அர்த்தம், கேரளாவுக்கு என்று இல்லை.

இலஞ்சிக்காரி:
அந்த ராஜா காலத்து மிச்சம் இன்னொன்று நாக்கில் இருக்கிறது. மரச்சீனிக்கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு என்பார்கள். எங்கள் பாட்டி அதை அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துப் போட்டு மசிப்பார். அந்தத் தண்ணீரை மாட்டுக்குக்கூட வைக்க விடமாட்டார். மலைக்கு அந்தப் பக்கம் அதையே கப்பை என்று மீன் கறியோடு தருகிறார்கள். மீன் கறியில் நம் புளி கிடையாது, குடம்புளி. ஆறினால்தான் ருசி. காலையில் வைத்ததை மாலையில் சாப்பிட வேண்டும். இதற்கும் மணிக்கணக்கு உண்டு பாருங்கள்.

வேளச்சேரி_வண்டி:
எழுதி வைத்துக்கொள்கிறேன். நாட்டுக்கோழி என்று சொல்லி பிராய்லரைப் போட்டுவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னையில் இதில் ஏமாந்த அனுபவம் நிறைய.

பதினாறு_சக்கரம்:
எலும்பைப் பாருங்கள். நாட்டுக்கோழியில் எலும்பு ஒல்லியாக, கெட்டியாக இருக்கும், கடித்தால் பல்தான் யோசிக்கும். பிராய்லர் எலும்பு முனை பஞ்சு மாதிரி நசுங்கும். கறி எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் அது நாட்டுக்கோழி இல்லை. பெரிய பெரிய துண்டாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இலஞ்சிக்காரி:
விலையை உட்காரும் முன் கேளுங்கள். பிளேட்டுக்கா, துண்டுக்கா, அரைக் கோழிக்கா என்று சேர்த்துக் கேளுங்கள். இங்கே விலையை நாங்கள் எழுதினால் அடுத்த சாரலுக்குள் பழசாகிவிடும்.

சைவப்பூனை:
அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன், பத்து வருடமாகச் சீசனுக்கு வருகிற சைவம்.

பார்டரில் அம்மாவை உட்காரவைக்காதீர்கள். இடமில்லாமல் இல்லை, வாடை. மாவில் முட்டை சேர்க்காத கடையும் இருக்கிறது, ஆனால் அதே கல்தான், அதே கைதான். அம்மாவுக்குக் காலைதான் நேரம். தென்காசியிலோ செங்கோட்டையிலோ காலை ஏழு மணிக்கு ஆவி பறக்க இட்லி, உளுந்தவடை, பில்டர் காப்பி. இடியாப்பத்துக்குச் சொதி கிடைக்கிற நாளாக இருந்தால் விடாதீர்கள். தேங்காய்ப்பாலை மூன்று தரமாகப் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, கடைசியில் முதல் பாலை விட்டு, கொதிக்கவிடாமல் இறக்குவது. திருநெல்வேலிச் சைவர் வீட்டில் கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடு இது. பக்கத்தில் இஞ்சித் துவையல் இல்லையென்றால் வயிறு சண்டை போடும். கடையில் தினமும் போட மாட்டார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

அருவிக்கரை பஜாரில் நேந்திரங்காய் சிப்ஸ். பாக்கெட்டில் அடைத்துத் தொங்குவதை வாங்காதீர்கள். சட்டிக்கு முன்னால் நில்லுங்கள். தேங்காய் எண்ணெய் காயும்போது காயை நேராகச் சட்டிக்கு மேலேயே சீவுவார்கள், உப்புத் தண்ணீரை ஒரு கை தெளிப்பார்கள், எண்ணெய் சீறும். சீறல் அடங்கி, கரண்டியால் கிளறும்போது சலசல என்று ஓடு மாதிரிச் சத்தம் வந்தால் எடுத்துவிடுவார்கள். அந்த ஈடுதான் வாங்க வேண்டும். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், தாளில் வாங்கி ஆறவிட்டுக் கட்டுங்கள்.

கொல்லம்_பாசஞ்சர்:
மங்குஸ்தான் மறந்துவிட்டீர்களே.

சைவப்பூனை:
மறக்கவில்லை, மூச்சு வாங்குகிறேன். மங்குஸ்தானைத் திருப்பி அடியைப் பாருங்கள். பூ மாதிரி ஒரு சின்ன முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடினால் சுளை சிறுசாக, பெரும்பாலும் கொட்டை இல்லாமல் இருக்கும். ஓட்டை அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழசு, வைத்துவிடுங்கள். வெளியே மஞ்சள் பிசின் வழிந்திருந்தாலும் வேண்டாம், உள்ளே கசக்கும். ஓட்டின் கறை துணியில் பட்டால் போகாது, வெள்ளைச் சட்டையோடு உரிக்காதீர்கள். துரியனை ரூமுக்குள் கொண்டுபோனால் லாட்ஜ்காரர் உங்களை வெளியே அனுப்புவார், நியாயம்தான்.

ரப்பர்_பால்:
மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நாங்கள் குளத்துப்புழைப் பக்கம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி ரப்பர் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தட்டில் இரண்டும்.

தட்டுக்கடைக்குப் போகலாமா என்று கேட்டீர்களே, போகலாம், ஆனால் பகலில் வந்து தேடாதீர்கள். தட்டுக்கடை என்பது இருட்டின பிறகு பிறக்கிற கடை. பகலில் அந்த இடத்தில் ஒரு தார்பாயும் நாலு கல்லும்தான் இருக்கும். ஏழு மணிக்கு பல்பு எரியும், தோசைக்கல் சூடாகும். கனமான சின்னத் தோசை, ஆம்லெட், கப்பை, மீன் கறி, பொரோட்டா, பீஃப். பீஃப் வேண்டும் என்கிறவர்கள் தேங்காய்க் கொத்துப் போட்டு உலர்த்தியதைக் கேளுங்கள், கறுப்பாக இருக்கும், கறிவேப்பிலை மொறுமொறுவென்று இருக்கும். வேண்டாம் என்கிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கரண்டி ஒன்றுதான். சேட்டன்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவோடு வருவதானால் நாலு மணிக்கு வாருங்கள். அது சாயாக்கடை நேரம். பழம்பொரியும் சுகியனும் அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் விழும். பழம்பொரி நம் வாழைப்பழ பஜ்ஜிதான் என்று நினைத்தால் தப்பு. கடலை மாவு இல்லை, மைதா. பழம் நேந்திரம், தோல் கறுக்கிற அளவுக்குப் பழுத்திருக்க வேண்டும், நீளவாக்கில் சீவுவார்கள். மஞ்சள் தோல் பழத்தில் போட்டது வெறும் மாவு தின்ற மாதிரி இருக்கும். சுகியனுக்குள் பாசிப்பயறும் வெல்லமும். இரண்டுக்கும் கட்டன் சாயா, பால் வேண்டாம். அதே சட்டியில் வேறு எதையும் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அம்மாவுக்காக.

பதினாறு_சக்கரம்:
தண்ணீர் சிவப்பாக வரும், பயப்படாதீர்கள். முதல் தடவை நான் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன், டம்ளர் கழுவவில்லையா என்று. பதிமுகம் என்கிற மரப்பட்டையைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். சூடாகத்தான் தருவார்கள்.

சைவப்பூனை:
மரப்பட்டை இல்லை அண்ணா, மரத்தின் உள்ளே இருக்கிற வைரக்கட்டை. சீவல் சீவலாக விற்பார்கள்.

பதினாறு_சக்கரம்:
சரிங்க டீச்சர்.

இலஞ்சிக்காரி:
இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் குலுக்கி சர்பத்தில் ‘கஸ்கஸ்’ போடட்டுமா என்று கேட்பார்கள். என் கணவர் பிரியாணிக்குப் போடுகிற கசகசா என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டார். அது கசகசா இல்லை, சப்ஜா விதை. தண்ணீர் பட்டால் வழவழவென்று முழி மாதிரி உப்பும். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கீறின பச்சை மிளகாய், ஐஸ், எல்லாம் ஒரு டம்ளரில். மேலே இன்னொரு டம்ளரைக் கவிழ்த்துக் குலுக்குவார்கள். காரம் மெதுவாகத்தான் தெரியும். பெண்ணுக்கு மிளகாய் இல்லாமல் வாங்குங்கள்.

கொல்லம்_பாசஞ்சர்:
போவதானால் ரயிலில் போங்கள். 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018-ல்தான் அகலப்பாதையாக முழுசாகத் திறந்தார்கள். ஆரியங்காவுக்கு முன்னாலேயே குகை ஜன்னலில் வந்துவிடும், இறங்காமல் தென்மலை வரைக்கும் போனால் பதிமூன்று கண் பாலமும் வரும். பாலத்தைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து ஓடுவார்கள், அப்போது எதிர்ப் பக்கம் ஜன்னல் சீட்டு காலியாகும், பிடித்துக்கொள்ளுங்கள்.

பதினாறு_சக்கரம்:
சாலையில் போனால் புளியரை எஸ் வளைவில் லாரி ஒன்று மூச்சுவிட்டு நின்றால் போதும், உங்கள் நாலு மணிப் பழம்பொரி ஆறு மணியாகிவிடும். நானே நிறுத்தியிருக்கிறேன், மன்னியுங்கள்.

வேளச்சேரி_வண்டி:
போய் வந்தாயிற்று. நீளமாக எழுதுகிறேன், கடன் தீர்க்க வேண்டுமே.

முதல் நாள் நீங்கள் எல்லோரும் சொன்னதை மீறினேன். ஞாயிறு, அருவியில் குளித்துவிட்டு மூன்று மணிக்குப் பசி தாங்கவில்லை. அம்மாவை லாட்ஜில் விட்டுவிட்டு வழியில் கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்தோம். பேர் வேண்டாம். நாட்டுக்கோழி என்றார்கள். எலும்பைக் கடித்தேன், நசுங்கியது. எதிரில் மனைவி சிரிக்கிறாள், ஏனென்றால் அந்தப் பதிவை அவளுக்கும் படித்துக் காட்டியிருந்தேன். புரோட்டா அடுக்கின் அடியிலிருந்து வந்தது, பிரானூரான் அண்ணாச்சி சொன்ன அதே வியர்வை. சத்தம் போடாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் திங்கள். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு பார்டர். சாரல் பொடிப்பொடியாக அடிக்கிறது, கல்லிலிருந்து புகை ரோடு வரைக்கும் வருகிறது. மாஸ்டருக்கு ரொம்பப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம். என் பெண் புரோட்டா சாப்பிடவில்லை, அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு அடி என்று எண்ணினாள். அடுத்த ஈட்டுக்கு ஒன்பது. அவர் இவளைப் பார்த்துவிட்டு, ஒரு புரோட்டாவை மட்டும் தனியாக எடுத்து அடித்து, கொத்தாக உதிர்ந்ததை இலையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் நாலு சாப்பிட்டாள். நான் எத்தனை என்று எழுத மாட்டேன். கோழி எலும்பு இந்தத் தடவை பல்லை யோசிக்க வைத்தது. அதோடு, சட்டி அடியில் ஒட்டின மசாலாவைக் கொஞ்சம் சுரண்டித் தரச் சொல்லிக் கேட்டேன், யாரும் இங்கே எழுதாத விஷயம். கேட்டால் தருகிறார்கள்.

ஆரியங்காவுக்கு அன்றைக்கு மதியமே ரயிலில் போய்விட்டு வந்திருந்தோம். சாயாக்கடையில் அம்மா முதலில் சட்டியை எட்டிப் பார்த்தார், அப்புறம் எண்ணெயை மோந்து பார்த்தார், அப்புறம் அங்கே இருந்த சேச்சியிடம் நேராகக் கேட்டே விட்டார். அந்த அம்மாள் மலையாளத்தில் ஏதோ சொல்ல, இவர் தமிழில் ஏதோ சொல்ல, என்ன ஒப்பந்தம் ஆனதோ, இரண்டு பழம்பொரி. கட்டன் வேண்டாம் என்றுவிட்டார், காப்பி இல்லாத ஊரில் என்ன பேச்சு என்று.

பிரானூரான்:
ரஹ்மத்துக்குப் போனீர்களா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?

வேளச்சேரி_வண்டி:
அது அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. பதினொன்று மணிக்கு, தனியாக.

பதினாறு_சக்கரம்:
சொன்னேன்ல.

சைவப்பூனை:
மங்குஸ்தான்?

வேளச்சேரி_வண்டி:
மூன்று கிலோ. ஒவ்வொன்றையும் திருப்பி இதழ் எண்ணிப் பொறுக்கினது அம்மா. கடைக்காரர் கடைசியில் கூடையையே அவரிடம் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து என் வெள்ளைச் சட்டையில் உரித்ததும் அவர்தான்.

அப்புறம் ஒரு உதவி. சால்னா பார்சல் பொதிகையில் மேல் பெர்த்தில் வைத்திருந்தேன், விருதுநகர் தாண்டுவதற்குள் கீழ் பெர்த்காரர் எழுந்துவிட்டார். இதை ஒழுகாமல் கொண்டுவர ஏதாவது வழி உண்டா?

இலஞ்சிக்காரி:
தூக்குவாளி கொண்டு வாருங்கள். பாலிதீன் பையில் சால்னா வாங்கி ரயில் ஏறுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் வேறு பேர் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.